சாவிக்கொத்து யார் கைக்கு? தோட்டப் பட்டணத்தில் அடுத்த தலைமையைத் தயார்செய்யும் வழி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிச்செல்லும் லாரி நிறுவனம் ஒன்று இருந்தது. பதினான்கு லாரிகள், நாற்பது சொச்சம் ஆட்கள். ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். எந்த லாரியின் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்பதுவரை மகனுக்குத் தெரியும். மகளுக்குக் கணக்குப் புத்தகம் மனப்பாடம். ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் முதலாளி ஒருவரிடமே இருந்தது. அன்று மாதத்தின் மூன்றாம் நாள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் கொடுத்தது பத்தொன்பதாம் நாள், அதுவும் தாய்மாமனிடம் கைமாற்று வாங்கி. அதற்குள் ஐந்து ஓட்டுநர்கள் எதிர்க் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

நான் தோட்டத்தில் இளநிலைக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்து, தோட்ட நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் ஓய்வுபெற்றவன். இப்போது பட்டணத்துச் சிறு நிறுவனங்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசுகிறேன். அப்பாவின் கம்பெனியை ஏற்கப்போகிற பிள்ளைகள், புதிதாக மனிதவள அதிகாரியானவர்கள், கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளராகச் சிக்கிக்கொண்டவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதெல்லாம் கோலாலம்பூர் கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நீங்கள் நினைத்தால், அந்த லாரி முதலாளியும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

'வாரிசு' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைப்போம். அதைக் கேட்டதுமே நம் மனம் மூத்த மகனைத் தேடிப் போகிறது. ஆள்சேர்த்து வேலைவாங்கிய கங்காணியின் மகன் கங்காணி, கிராணியின் மகன் கிராணி என்று ஓடிய தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நாம். 1938இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணி ஆள்சேர்ப்பு முடிந்தது. பழக்கம் மட்டும் முடியவில்லை. இங்கே நான் பேசப்போவது சொத்தைப் பற்றியல்ல, வேலையைப் பற்றி: பெரிய பொறுப்பில் இருப்பவர் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே அவருடைய முடிவுகளில் சிலவற்றை இன்னொருவர் கைக்கு மாற்றுவது.

முதலில் நாற்காலிகள், பிறகு ஆட்கள்

ஒரு தாளில் ஆட்களின் பெயர்களை எழுதாதீர்கள். பொறுப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே கேள்வி: இந்த நாற்காலி நாளைக் காலை காலியானால், மதியத்துக்குள் எது நிற்கும்?

விடை பெரும்பாலும் ஆச்சரியம் தரும். ஓர் ஆலையில் இந்தப் பயிற்சியை நடத்தியபோது எல்லோரும் ஆலை நிர்வாகியின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள். அவர் ஒரு மாதம் வராவிட்டாலும் ஆலை ஓடும். பாய்லரைச் சட்டப்படி இயக்கத் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் வராவிட்டால் அன்றே நீராவி கிடையாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறி விலை இறங்கும். அந்த ஆலையில் சான்றிதழ் வைத்திருந்தவருக்கு வயது 58. அவருக்கு அடுத்து ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழை ஒரு வாரத்தில் வாங்கிவிட முடியாது. பணி அனுபவமும் தேர்வும் வேண்டும்.

வயதைக் குறித்தது காரணமாகத்தான். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆகவே ஊழியர் பட்டியலில் பிறந்த ஆண்டைப் பார்த்தாலே யார் எப்போது போவார் என்பதைக் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். இவ்வளவு எளிதான கணக்கை அரைமணி நேரம் உட்கார்ந்து போட்டவர்கள் நம் பட்டணத்தில் மிகக் குறைவு. தோட்ட நிறுவனங்களில் ஒரே ஆண்டில் மூன்று பெரிய கிராணிகள் ஓய்வுபெற்று அலுவலகம் தடுமாறியதை நான் பார்த்திருக்கிறேன். மூவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த தோழர்கள். அது முப்பது ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நாளைக்கு ஒரு பெயர், மூன்று ஆண்டுக்கு ஒரு பெயர்

முக்கியமான ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு பெயர்கள் வேண்டும். ஒன்று, திடீரென்று ஏதாவது நேர்ந்தால் அறுபது நாள் தாங்கிப் பிடிப்பவர். மற்றொன்று, நிதானமாக வளர்த்து அமர்த்த வேண்டியவர். இருவரும் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. பல இடங்களில் இருக்கவும் கூடாது. ஓய்வுபெறப்போகும் மூத்த உதவியாளர் அறுபது நாள் தாங்குவதற்கு மிகச் சிறந்தவர். பத்து ஆண்டுக்கு அவரை நம்பித் திட்டமிட முடியாது.

அவசரப் பெயரை எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். வங்கியில் இரண்டாவது கையெழுத்து, கணினிக் கடவுச்சொற்கள், செம்பனை வாரிய உரிமத்தின் கோப்பு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) கணக்குகளுக்குள் நுழையும் வழி, எல்லாம் அந்தப் பெயருக்குத் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை செய்தே பாருங்கள். தனியார் கம்பெனி என்றால் இன்னொன்று: 2016 கம்பெனிச் சட்டம் ஒரே ஓர் இயக்குநரோடு கம்பெனி நடத்த அனுமதிக்கிறது. வசதிதான். அந்த ஒருவர் இறந்துவிட்டால், புதிய இயக்குநர் நியமிக்கப்படும்வரை கம்பெனி பெயரில் முடிவெடுக்க ஆள் இருக்காது. நம்பிக்கையான இன்னொருவரை இயக்குநராகச் சேர்ப்பதற்குக் கம்பெனிச் செயலாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

பெரிய பொறுப்பு எதில் பெரியது?

இங்கேதான் அதிகம் தவறுகிறோம். நன்றாகக் குலை வெட்டுகிறவரை மண்டோர் (வேலைக்குழுவின் தலைவர்) ஆக்குகிறோம். நல்ல மண்டோரை மேற்பார்வையாளர் ஆக்குகிறோம். அங்கே அவர் தடுமாறும்போது, "மாறிவிட்டார்" என்று பேசிக்கொள்கிறோம். அவர் மாறவில்லை. வேலை மாறிவிட்டது.

தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். மண்டோருக்கு ஒரு நாள்தான் கணக்கு: காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) எத்தனை பேர் வந்தார்கள், எந்த நிரை, மாலைக்குள் எத்தனை குலை, உதிரிப் பழம் பொறுக்கினார்களா. உதவி நிர்வாகிக்கு வெட்டுச் சுற்று கணக்கு; பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் திரும்பி வந்தாக வேண்டும். நிர்வாகிக்கு ஆண்டு மதிப்பீடு, அதாவது அடுத்த ஆண்டின் விளைச்சல், செலவுக் கணக்கு. அவருக்கும் மேலே இருப்பவருக்கு மறுநடவு. செம்பனை நாற்றங்காலில் ஏறக்குறைய ஓராண்டு, நட்ட பிறகு முதல் குலைக்கு மூன்று ஆண்டு, அப்புறம் இருபத்தைந்து ஆண்டுவரை வாழ்வு. இன்று எந்தப் பகுதியை வெட்டிச் சாய்த்து எந்த நாற்றை நடுவது என்று முடிவெடுப்பவர் அதன் விளைச்சலைப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு அடுத்து வருபவர்கூட முழுதாகப் பார்க்கமாட்டார்.

ஆகவே பொறுப்பு உயர உயர, பார்க்கவேண்டிய தூரம் நீள்கிறது. கையால் செய்யும் வேலை குறைகிறது. பதவியின் வேலைப் பட்டியலை எழுதும்போது, 'கீழ்ப்படியில் இல்லாதது இதில் என்ன?' என்று கேட்டு நான்கைந்து வரி எழுதுங்கள். நம் வட்டாரத்தில் அந்த வரிகளில் மொழி கட்டாயம் இருக்கும். இன்று வெளிக்காட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேப்பாளியர். அவர்களை மலாயில் நடத்திச்செல்லத் தெரிந்த கெட்டிக்காரத் தமிழ் ஊழியர்கள் பலர், தலைமையகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்க அறிக்கை எழுதத் தெரியாத ஒரே காரணத்தால் பதினைந்து ஆண்டு ஒரே படியில் நின்றிருக்கிறார்கள். திறமைக் குறைவென்று கோப்பில் எழுதிவைத்தார்கள். ஆறு மாதம் வாரம் ஓர் அறிக்கை எழுதவைத்துத் திருத்திக்கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் குறை.

ஒன்பது கட்டம்

பயிற்சி வகுப்புக்குப் போனால் ஒன்பது கட்டப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். ஒரு பக்கம் இன்றைய செயல்திறன், மறுபக்கம் நாளைய ஆற்றல்; ஊழியர்களை ஒவ்வொரு கட்டத்தில் போடுங்கள் என்பார்கள். இந்தக் கட்டம் 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக மெக்கின்சி ஆலோசகர்கள் செய்தது. எந்தத் தொழிலில் பணம் போடலாம், எதைக் கைவிடலாம் என்று எடைபோட. பிறகுதான் மனிதர்களை அதில் ஏற்றினார்கள். பயன்படுத்துங்கள், தப்பில்லை. முப்பது பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அதைவிட எனக்கு உதவிய அடையாளங்கள் வேறு. கெட்ட செய்தியை மேலே கொண்டுவருகிறாரா, மறைக்கிறாரா? அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் வேறு பிரிவுகளுக்கு உயர்ந்து போயிருக்கிறார்களா? தீபாவளிக்கு ஒரு வாரம் விடுப்பில் போனால் அவருடைய பிரிவு ஓடுகிறதா? கடைசிக் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. "அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது" என்பதைப் பாராட்டாகச் சொல்வார்கள். எனக்கு அது எச்சரிக்கை மணி.

பட்டியலில் பெண்களின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சம்பளக் கணக்கு முதல் தணிக்கை வரை அலுவலகத்தையே சுமக்கும் பெண் ஊழியரை, "கல்யாணமாகிப் போய்விடுவார்" என்று ஒதுக்கிவிட்டு, மூன்று ஆண்டில் சிங்கப்பூருக்குப் போன பையன்களை வளர்த்த நிறுவனங்களை நான் அறிவேன்.

பொறுப்பைக் கொடுத்துத்தான் பழக்கவேண்டும்

அமெரிக்காவின் கிரியேட்டிவ் லீடர்ஷிப் மையத்தார் 1980களில் மேலதிகாரிகள் பலரிடம், "நீங்கள் எதிலிருந்து கற்றீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பகுதி சவாலான வேலையிலிருந்து, அடுத்து மற்ற மனிதர்களிடமிருந்து, கொஞ்சமே வகுப்பறையிலிருந்து என்று விடை வந்தது. எழுபது, இருபது, பத்து என்று இன்று சொல்லப்படும் விகிதம் அங்கிருந்து கிளம்பியதுதான். எண்களை வேதவாக்காக எடுக்கவேண்டாம். வரிசை சரி.

எனவே வேலையைக் கொடுக்கவேண்டும். நான் பரிந்துரைக்கும் முதல் வாய்ப்பு, நிர்வாகியின் ஆண்டு விடுப்பு. அந்த இரண்டு வாரமும் இளையவரைப் பொறுப்பு நிர்வாகியாக எழுத்தில் நியமியுங்கள். எழுத்தில் என்பது முக்கியம். எத்தனை ரிங்கிட் வரை அவரே கையெழுத்திடலாம், எந்த மூன்று விஷயங்களுக்கு மட்டும் தொலைபேசியில் கேட்கவேண்டும் என்று அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். விடுப்பில் போனவர் தொலைபேசியைக் கீழே வைக்கவேண்டும். ஒரு நிர்வாகி லங்காவிக்குப் போய் அங்கிருந்தே தினமும் பிரட்டு நடத்தினார். திரும்பி வந்து, "பையனுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

விடுப்பு முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்றைக் கேளுங்கள். எந்த முடிவு தூக்கத்தைக் கெடுத்தது? யார் உங்களைச் சோதித்துப் பார்த்தார்கள்? எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம்? இரண்டாவது கேள்விக்கு எப்போதும் சுவையான பதில் வரும். தற்காலிகப் பொறுப்பாளரிடம் முன்பணம் கேட்டு வருகிற குத்தகையாளர் எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

அடுத்த வாய்ப்பு, மலேசிய நிலையான செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்கான தணிக்கை. 2020 முதல் அது கட்டாயம். அந்தத் தணிக்கையைத் தயார்செய்கிறவர் ஊழியர் ஒப்பந்தம், குடியிருப்பு, பாதுகாப்பு, பூச்சிமருந்துக் கிடங்கு, ஆற்றோரம், கணக்கு என்று தோட்டத்தின் ஒவ்வொரு மூலைக்கும் போய் வந்தாக வேண்டும். அதை ஒருமுறை தலைமையேற்று முடித்தவருக்குத் தோட்டம் முழுதாகத் தெரிந்துவிடும். இவ்வளவையும் எந்த வகுப்பும் கற்றுத்தராது. மூன்றாவது, ஆண்டு மதிப்பீடு. முதல் ஆண்டு பக்கத்தில் உட்காரட்டும், இரண்டாம் ஆண்டு அவர் போடட்டும், நீங்கள் கேள்வி கேளுங்கள், மூன்றாம் ஆண்டு தலைமையகத்துக்கு முன்னால் அவரே நின்று பதில் சொல்லட்டும்.

வகுப்பறைப் பங்கும் உண்டு. 1919 முதல் இயங்கும் இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளான்டர்ஸ் சங்கம் தோட்டத் தொழிலுக்கென்றே தேர்வுகள் நடத்துகிறது. பத்து அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனமாக இருந்தால், சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு வரியாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அது உங்கள் பயிற்சிக்கான பணம், கேட்டு வாங்கலாம். கட்டியதை மறந்து, பயிற்சிக்குக் காசில்லை என்பவர்கள் ஏராளம்.

சொல்வதா, வேண்டாமா?

சொல்லுங்கள். ஆனால் அளந்து சொல்லுங்கள். இளைய உதவி நிர்வாகி ஒருவரிடம் நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

"தம்பி, அடுத்த மூன்று ஆண்டில் நிர்வாகி பொறுப்புக்கு ஏற்றவராக உங்களை வளர்க்க நினைக்கிறோம். பதவி உங்களுக்குத்தான் என்று இன்று வாக்குக் கொடுக்கவில்லை."

"அப்படியானால் வேறு யாராவது இருக்கிறார்களா, ஐயா?"

"இருக்கலாம். யார் வந்தாலும் நீங்கள் கற்றது உங்களோடுதான் இருக்கும்."

அவர் முகம் அன்று அவ்வளவாக மலரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

நான் தவறியது வேறு இடத்தில். அதே தோட்டத்தில் 28 ஆண்டு வேலை பார்த்த பெரிய கிராணி ஒருவர் அந்த உயர்வு தமக்கு வரும் என்று காத்திருந்தார். வராது என்பதை நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டேன். அவர் அதை ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போது யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார். அதன்பின் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. மற்றவர்கள் செய்யும் தவறுகளைச் சுட்டிக்காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். உரக் கணக்கில் விழுந்த ஓட்டை எங்களுக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. தேர்ந்தெடுக்கப்படாதவரிடம்தான் முதலில் பேசவேண்டும், தனியாக, காரணத்தோடு. இளையவருக்குக் கற்றுத்தரும் வேலையை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்; அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் மதிக்கவேண்டும்.

எழுந்திருக்க மனம் வராதவர்

புது மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரும் மாமியாரை எல்லோரும் பார்த்திருப்போம். நிறுவனங்களிலும் அதே கதை. குத்தகைத் தொழில் நடத்திய ஒருவர் அறுபத்தெட்டாம் வயதில் மகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார். விருந்து வைத்தார், மாலை போட்டார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு லாரி நிறுக்கும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஓட்டுநர்கள் வழக்கம்போல் அவரிடமே கேட்டார்கள், அவரும் சொன்னார். மகள் சொன்னது வேறு. மூன்று மாதத்தில் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஆட்கள் இருவரையும் ஏமாற்றப் பழகிவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்வது எளிது. நாற்பது ஆண்டு விடியலில் எழுந்த மனிதர், எங்கே போவார்? அவருக்கு வேறு வேலை வேண்டும், உண்மையான வேலை. நாங்கள் செய்தது இது. வாரம் இரண்டு நாள் அவரும் மகளும் அவர்கள் வேலை எடுக்கும் தோட்டங்களைச் சுற்றிவர வேண்டும். ஐப்பசி மழையில் எந்தப் பாதை மூழ்கும், எந்தப் பாலம் லாரிப் பாரம் தாங்காது, எந்த நிலத்துக்காரரோடு என்ன பழைய பேச்சு, எந்தக் கடனை எழுத்தில்லாமல் வாய்வார்த்தையில் கொடுத்திருக்கிறார் என்று அவர் பேசப்பேச மகள் கைத்தொலைபேசியில் பதிவுசெய்தார். எந்தக் கோப்பிலும் இல்லாத செய்திகள். ஆறு மாதத்தில் அது முடிந்தது. மேடைக்குப் பக்கத்தில் அவர் நிற்பதும் படிப்படியாக நின்றது. முழுதாக அல்ல, தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மட்டும் இன்றும் வந்துவிடுவார்.

இரண்டு தலைமுறையும் சேர்ந்திருக்கும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். மூன்று மாதம் குறைவு, ஓராண்டு அதிகம்.

குடும்பக் கம்பெனி என்றால்

நடத்தப்போகிறவர் வேறு, பங்கு பெறப்போகிறவர்கள் வேறு. இதைப் பிரிக்காமல் விட்டதால் சிதறிய தொழில்கள் நம் பட்டணத்துக் கடைத்தெருவில் வரிசையாக இருக்கின்றன. உயில் எழுதாமல் இறக்கும் முஸ்லிம் அல்லாதவரின் சொத்தைத் தீபகற்ப மலேசியாவில் 1958 பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது: பெற்றோர் இல்லாவிட்டால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, பெற்றோர் உயிரோடிருந்தால் துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பத்தாண்டு உழைத்துப் பழகிய மகளுக்கும், மெல்பர்னில் இருக்கும் மகனுக்கும் சம பங்கு. நியாயமா என்பது வேறு கேள்வி. பழகியவரிடம் முடிவெடுக்கும் உரிமை இருக்கவேண்டுமானால் உயிலும், பங்குதாரர் ஒப்பந்தமும் முதலாளி நலமாக இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். வழக்கறிஞர் செலவைப் பார்த்துத் தயங்கினால், சகோதரர்கள் நீதிமன்றம் போனால் ஆகும் செலவை ஈப்போவில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

சங்கங்களுக்கும் இது பொருந்தும். சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1979இல் மறைந்தார்; சங்கம் தொடர்ந்து நடந்துவருகிறது. ஊர்க்காரர் என்பதால் அடிக்கடி அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். நம் கோவில் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் பொருளாளரின் பையில் இருக்கும் வங்கிப் புத்தகத்தை இரண்டாவது ஒருவர் பார்த்திருக்கிறாரா என்று மட்டும் கேட்பதில்லை.

நாற்காலிகளையும் பெயர்களையும் எழுதிய தாள் தயாரானதும் ஆண்டுக்கு இருமுறை எடுத்துப் பாருங்கள்: ஆண்டு மதிப்பீடு போடத் தொடங்கும் முன் ஒருமுறை, சம்பள உயர்வு பேசும் முன் ஒருமுறை. யாராவது வேலையை விட்டாலோ நோயுற்றாலோ அந்த வாரமே. ஒரு பிரதி நிலப் பட்டாவோடு இரும்புப் பெட்டியில், ஒரு பிரதி கம்பெனிச் செயலாளரிடம். இரும்புப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பதை இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள்.